முகத்தை உரித்துப் புதிதாக்கலாமா?

திருகோணமலையிலிருந்து வடக்கே கடலோரமாக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் சென்றால் புல்மோட்டை வரும். அக்கரையில் இறங்குபவரின் கண்ணில் முதலிற் படுவது மணலின் கருமை. இல்மனைற்று என்னும் கனியம் அங்கே செறிந்து கிடக்கிறது. 1957ம் ஆண்டில் இதற்கென ஒரு கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, மணலை அள்ளிப் பிரித்துக் கப்பலேற்றும் வேலை தொடங்கிற்று. இத்தகைய மணல் எதற்கு உதவுகிறது தெரியுமா? இதிலிருந்துதான் தைத்தானியம் ஈரொட்சைட்டு என்னும் தூய வெண்ணிறத் தூளைப் பிரித்தெடுக்கிறார்கள். சுவருக்குப் பூசும் வெள்ளையும் அதுவே. முகத்துக்குப் பூசும் மாவும், வெய்யிலைத் தடுக்கும் கிறீமும் பலவேளைகளில் அதைக் கொண்டவையே. கறுத்த மணல் கடல் கடந்து போய், மனிதரின் முகத்தை வெளுப்பிக்கத் திரும்பி வருவது ஒரு வேடிக்கைதான்.

ஆனால் பூசி மறைக்கும் காலம் மாறி, உரித்து எடுக்கும் காலம் வந்துவிட்டது. கத்தி வேண்டியதில்லை. கிளைக்கோலிக் அமிலம் போன்ற ஒன்றைத் தடவினால் தோலின் மேற்படை கழன்று விழ, அடியிலிருந்து புதுப்படை வளர்கிறது. இன்னும் ஆழமாகப் போகவேண்டுமானால் லேசர் கதிர் உண்டு. அது தோலிலுள்ள நீரைக் கணத்தில் ஆவியாக்கி, நுண்ணிய காயங்களை உண்டாக்குகிறது. அந்தக் காயம் ஆறும்போது சுருக்கம் குறைகிறது. முன்னர் கொழும்புச் சீமாட்டிகளின் விஷயமாய் இருந்த இது, இன்று கலியாண வீடுகளில் நம் பெண்களின் பேச்சாகிவிட்டது.

“இது பாவமா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டு, ‘ஆம்’ என்று சொல்லிவிடுவாரோ எனப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அத்தனை சுலபமாக ‘ஆம்’ என்று சொல்ல என்னால் இயலாது. பாப்பரசர் 12ம் பத்திநாதர் 1958 ஒக்ரோபர் 4ந் திகதி, தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னதாக, இத்தாலிய ஒட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் இதுபற்றியே பேசினார். உடலழகு ஒரு நன்மை என்றே அவர் ஏற்றுக்கொண்டார். எனினும் அது மேலான நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது. செய்பவரின் கருத்து நேர்மையானதா, உடல்நலத்துக்குப் பெருங் கேடு வராமற் காக்கப்படுகிறதா, எடுக்கும் முயற்சிக்கு ஈடான காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவர் பேசியது கத்தியைப் பற்றி. கத்தியில்லாத இன்றைய வைத்தியத்தையும் இதே தராசில் வைக்கலாம்.

வைத்துப் பார்ப்போம். மீண்டும் புல்மோட்டைக்கே வாருங்கள். 2009ம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய அரசின் மருத்துவக் குழுவொன்று அங்கே கள வைத்தியசாலை அமைத்தது. புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றி வரப்பட்ட காயக்காரர் அவ்விடத்தில் சிகிச்சை பெற்றனர். அவர்களுட் பிள்ளைகளும் இருந்தனர். அன்று ஒன்பது வயதாயிருந்த ஒரு பிள்ளை கன்னத்தில் தீத்தழும்போடு வளர்ந்து, இன்று கலியாண வயதைத் தாண்டிக் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே லேசர் இறுகிப்போன தழும்பை இளக்கும், அரிப்பைத் தணிக்கும், வாயையோ கண்ணிமையையோ இழுத்துப் பிடிக்கும் தோலைத் தளர்த்தும். அவள் அதை நாடினால் ‘வீண் சிங்காரம்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தன் முகத்தில் பிறர் இட்ட எழுத்தை அழிக்கக் கேட்கிறாள். அவ்வளவுதான்.

இப்போது ஐம்பத்தைந்து வயதுத் தாயொருத்தியை நினையுங்கள். அவள் முகத்துக் கோடுகளை இட்டது யார்? பெரும்பாலும் வெய்யில். சந்தேகமானால் உங்கள் மேற்கையின் உட்புறத்தை முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றே, ஆனால் உட்புறம் இளமையாகத் தெரியும். மீன் காயவைத்த வெய்யில், தண்ணீர் சுமந்த வெய்யில், நிவாரண வரிசையில் நின்ற வெய்யில். வெளிநாட்டிலிருந்து வரும் மகள், “அம்மா, கலியாணப் படத்துக்கு முன்னம் முகத்தை ஒருக்காச் செய்விப்பம்” என்கிறாள். அன்பினாற்றான் சொல்கிறாள். தாய்க்கோ அன்றுவரை தன் முகத்தில் ஒரு குறை இருப்பதாகவே தெரியாது.

தாயே விரும்பினால்? விரும்பட்டும். மீசைக்கு மை தீட்டும் ஆண்களை எதிர்த்து இந்நாட்டில் எவரும் பிரசங்கம் செய்ததாக நான் அறியேன். பெண்ணின் ஆசைக்கு மட்டும் ஏன் இத்தனை விசாரணை? முகத்தைத் திருத்தமாக வைத்திருக்க எண்ணுவது குற்றமல்ல. என் சங்கடம் வேறு. ஆசை அவளுடையதா, அல்லது வீட்டார் வாயிலிருந்து அவள் காதில் விழுந்ததா என்பதே. “என்ன, இப்படிக் கிழண்டு போனாய்” என்று சொன்னவர் எழுந்து போய்விடுவார். கண்ணாடி முன் நிற்பவள் அவள்.

பாப்பரசர் சொன்ன உடல்நலம் இங்கேதான் குறுக்கே வருகிறது. 1975ல் தோமஸ் பிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் மனிதத் தோலை வகைப்படுத்தியபோது, வெள்ளைத் தோலை மட்டுமே கணக்கில் எடுத்தார். நம்முடையதைப் போன்ற பழுப்பும் கறுப்பும் பிற்பாடே சேர்க்கப்பட்டன. இது வெறும் சரித்திரமல்ல. நம் தோலுக்கு ஒரு சுபாவம் உண்டு: காயப்பட்டால் அவ்விடம் கறுத்துவிடும். அமிலம் சற்று மிஞ்சினாலும், லேசரின் சூடு சற்றுக் கூடினாலும், சுருக்கம் போன இடத்தில் மாதக்கணக்காக நிற்கும் கரும்படை எஞ்சலாம். பயின்ற தோல் வைத்தியர் இதை அறிவார். சந்திக்குச் சந்தி திறந்திருக்கும் அழகு நிலையங்கள் எல்லாம் அறியுமென்று நம்பாதீர்கள். பெயர் தெரியாத வெளுப்புக் கிறீம்கள் இன்னும் மோசம். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். அத்தகைய பூச்சுகளை 2025க்குள் ஒழிப்பதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ல் தீர்மானித்தன. ஆனாலும் தீர்மானம் வேறு, சந்தை வேறு.

ஆகவே மகளே, கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றால் முதலில் கலண்டரைப் பார். ஆழமாக உரித்த தோலின் சிவப்பு தணிய வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு எடுக்கும். அதுவரை வெய்யில் படவும் கூடாது. அம்மாவுக்கு நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கொடு. வெய்யிலைத் தடுக்கும் பூச்சு ஒன்றும் வாங்கிக் கொடு, அதில் தீங்கில்லை. படமெடுக்கையில் அவளை ஓரத்தில் விடாமல் நடுவில் நிறுத்து. அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால், அது யாருடைய கன்னத்துக்குத் தேவை என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.