மண்ணும் மனமும்

நிலம் மனிதனை ஆக்குகின்றதா, மனிதன் நிலத்தை ஆக்குகின்றானா? பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நிலமே மனிதனை ஆக்குவதாயின், நிலம் மாறிய நாம் யார்?

பண்டைக் கிரேக்கத்தை முதலில் நோக்குவோம். மலைத்தொடர்கள் அந்நாட்டைச் சிறு சிறு சமவெளிகளாகப் பிரித்தன. ஏதென்சு, கொரிந்து, ஸ்பார்ட்டா என நகர அரசுகள் தனித்தனியே தழைத்தன. மலை பிரித்தவரைக் கடல் இணைத்தது. விளைநிலம் போதாதபோது மக்கள் கலமேறிச் சென்று புதுநகர் கண்டனர். புறப்படுங்கால் தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துச் செல்வது அவர்தம் மரபு.

நம் முன்னோரோ நிலத்திற்கும் வாழ்விற்கும் உள்ள உறவை இலக்கணமாகவே வகுத்தனர். தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். உள்ளத்து உணர்வு உரிப்பொருள். ஒரு நிலத்தின் உணர்வு மற்றொன்றில் மயங்கலாம். நிலங்கள் தம்முள் மயங்கா என்பது அந்நூலின் விதி. மண் நின்ற இடத்தில் நிற்கும், மனமே பெயரும்.

தமிழகத்தின் பண்டைய வட எல்லையாகிய வேங்கடத்திற்குத் தென்கிழக்கே, புத்தூரை அடுத்துள்ளது நாராயணவனம். மலையிலிருந்து வேட்டைக்கு இறங்கிவந்த வேங்கடவன், ஆகாசராசன் மகள் பத்மாவதியை இங்கு மணந்தான் என்று தலபுராணம் கூறும். அதன் நினைவாகக் கல்யாண வேங்கடேசுவரர் கோயில் விளங்குகின்றது. சென்னை மாகாணத்திலிருந்த இவ்வூர் 1953-இல் ஆந்திர மாநிலத்துள் சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தபோதும் இஃது அங்கேயே நின்றது. 2022-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு மாறிற்று. கோடுகள் மூன்று முறை எழுதப்பட்டன, மலை அசையவில்லை. எல்லை வரைவது அரசு; வாழ்வை வரைவது நிலம்.

அவ்வேங்கடத்தைக் கடந்தே அகநானூற்றுத் தலைவர் சிலர் பொருள் தேடி வேற்றுமொழி நாட்டிற்குச் சென்றனர். அப்பிரிவைப் பாடும் பாலைக்குத் தொல்காப்பியர் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் விளக்கும். நிலமில்லாத் திணைக்கும் உரிப்பொருள் உண்டு என்பதன்றோ இதன் பொருள்? பொருள்வயிற் பிரிந்து வந்த நாம் அத்திணையைச் சேர்ந்தவரே.

ஆயினும் மண்ணின்றி உணர்வு நிலைக்குமா? பேணாவிடில் நிலையாது, நெருப்பும் அத்தகையதே. குறிஞ்சியைக் காணாத நம் பிள்ளைகளிடம், காணாத மண்ணுக்காக ஏங்குக என்று கேட்பது அறமாகாது. அவர்க்கு மொழியைத் தருவது நம் கடன். நீரும் நிழலும் தந்த இந்நிலத்திற்கு நன்றியுடன் வாழக் கற்பிப்பதும் நம் கடனே. கிரேக்கர் எடுத்துச் சென்றது நெருப்பைத்தான். விறகைப் புதுநிலமே தந்தது. நாமும் அவ்வாறே அடுப்பெரிப்போமாக.