கடற்கரை மணலும் ஏழாம் கற்பனையும்



ஒருவன் யாருக்கும் தீங்கு நினையாமல், சட்டப்படி, பொது நன்மைக்காகவே ஒரு காரியம் செய்கிறான். அதன் பலனாக, அவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேறொருவனுடைய வீடு இடிந்து விழுகிறது. அவனுக்குப் பாவம் உண்டா? பாவம் இல்லையென்றால் கடனும் இல்லை என்று சொல்லிவிடலாமா? குருமடத்தில் நீதி சாஸ்திர வகுப்பில் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் சென்னைக் கடற்கரை ஏறக்குறைய நூற்றைம்பது வருஷமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மலைக் கோயிலுக்குப் பேர்போன திருத்தணியில் கடற்கரைப் பேச்சு எதற்கு என்பீர்கள். விடுமுறையில் ரயிலேறி மெரினா பார்த்து வராத குடும்பம் நம் பங்கில் அபூர்வம். அந்த மெரினா இவ்வளவு அகலமானது எப்படி?

நமது கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பாகம் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலைக் கொஞ்சங் கொஞ்சமாக வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில மாதங்கள் அது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருஷந்தோறும் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே யாத்திரை போகிறது. 1875-இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல்லணைகள் நீட்டினார்கள். 1881-ஆம் வருஷப் புயலில் அவை சிதைந்தும், விடாமல் மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அணையில் தட்டி நின்றது, மெரினா அகன்றது. வடக்கே மணல் போகவில்லை, அலை மட்டும் போயிற்று. ராயபுரம் (அர்ச். இராயப்பர் ஆலயத்தால் வந்த பெயர் என்பார்கள்) தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வரை கரை அறுந்தது, குப்பங்கள் வீடுகளை இழந்தன.

இதற்கு மருந்தாகக் கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். கல் சுவர் சாலையைக் காக்கும். ஆனால் அதில் மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலை அரித்துவிடும். படகை இழுத்துவைக்கவும் வலையை உலர்த்தவும் இடமில்லாத கரை மீன்பிடிப்பவனுக்கு என்ன கரை? ஆகையால் தூண்டில் வளைவு கேட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்கரமான அது தன் தென்புறத்தில் மணலைப் பிடித்துவைக்கும். அடுத்த வடக்குக் கிராமம் அவ்வளவு மணலை இழக்கும். புதுச்சேரியிலும் இதே கதை. 1980-களின் இறுதியில் துறைமுகக் கல்லணைகள் வந்தபின் நகரத்துக் கடற்கரை மறைந்தது. 2018-இல் கடலடியில் எஃகினால் ஒரு செயற்கைத் திட்டு அமைத்ததில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் கடலரிப்பு அதற்கு முன்பே எல்லை தாண்டி, தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே நடந்துவிட்டது.

இனி முதற் கேள்விக்கு வருவோம். துறைமுகம் கட்டியவர்கள் திருடர்கள் அல்லர். கப்பல்கள் உடையாமல் காக்க அணை கட்டினார்கள். ஆனாலும் ஏழாம் கற்பனையை விளக்கும் நீதி சாஸ்திரிகள் பாவத்தையும் கடனையும் பிரித்தே பேசுகிறார்கள். பிறன் பொருளை நல்லெண்ணத்தோடு, தெரியாமல் வைத்திருக்கிறவன் கள்வன் அல்ல. அது பிறனுடையது என்று அறிந்த நாள் முதல் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். யாத்திராகமத்துச் சட்டம் ஒன்று இன்னும் கண்டிப்பானது: மூட்டிய தீ முட்செடியில் பற்றி அடுத்தவன் விளைச்சலை எரித்துவிட்டால், மூட்டியவன் ஈடு செய்யவேண்டும். வேண்டுமென்றே எரித்தானா என்ற விசாரணை அங்கே இல்லை.

“கடல் மணல் யாருடைய சொத்து?” என்று சிலர் மடக்குவார்கள். மணலுக்குப் பட்டா இல்லைதான். ஆனால் அந்த மணலின்மேல் நின்ற வீடும் தொழிலும் ஒருவனுடையவை அல்லவா? தூண்டில் வளைவு கேட்கும் கிராமத்தாரை நான் குறைகூற மாட்டேன். உயிர்போகும் பசியில் பிறன் அப்பத்தை எடுப்பவன் திருடன் அல்ல என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தீர்த்திருக்கிறார். கடல் வாசற்படிக்கு வந்தவனிடம் போய், வடக்கே இருப்பவனை நினை என்று உபதேசிப்பது எளிது. கடன் முதலில் அணை கட்டியவர்களுடையது. அதனால் லாபம் கண்ட நகரத்துடையது.

கடனைத் தீர்க்க வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தில் 1960-களில் நீட்டிய கல்லணைகள், வடக்கேயுள்ள கோல்ட் கோஸ்ட் கரைகளுக்குப் போகும் மணலைத் தடுத்தன. ஆற்றுமுகம் ஒரு மாநிலத்தில், கெட்ட கரை அடுத்த மாநிலத்தில். இரண்டும் ஒப்பந்தம் செய்து, 2001 முதல் தெற்கே தேங்கும் மணலைப் பம்பு வைத்துக் குழாய் வழியாக வடக்கே அனுப்பி வருகின்றன. அலை இலவசமாகச் செய்துவந்த வேலைக்கு வருஷந்தோறும் பணம் செலவாகிறது, நிறுத்தவும் முடியாது. புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் இப்படி மணல் கடத்தும் ஏற்பாடு இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

நாமும் இக்கணக்குக்கு வெளியே இல்லை. கடற்கரைக்கு மணல் கொடுப்பவை ஆறுகள். நம் நந்தி ஆறு கொசஸ்தலையில் கலக்கிறது. கொசஸ்தலை பூண்டி வழியாக எண்ணூரில், அதே அறுந்த கரையில், கடலைச் சேருகிறது. 1960-இல் நம் ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியபோது ஆறு ஒன்றும் வழி மாறவில்லை. 1944-இல் கட்டிமுடித்த பூண்டி அணை தண்ணீரோடு மணலையும் நிறுத்துகிறது. அதற்கு மேலே நாம் லாரி லாரியாக அள்ளியது நம் வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. அன்று தெரியாமல் செய்தோம் என்றால் அது உண்மையே. ஆனால் இன்று அனுமதிச் சீட்டில்லாமல் இராத்திரியில் வரும் ஆற்று மணலை விலை குறைவென்று வாங்குகிறவர், நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல முடியாது. கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் கிடைக்கிறது. வீடு கட்ட இருக்கிறவர்கள் அதை விசாரியுங்கள்.

உங்கள் பங்குக் குரு