பெயர் எழுதாத கல்வெட்டு

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவருக்குத் தனிக்கோயில் என்பது அபூர்வம். நெல்லுக்காரத் தெருவில் ஒரு கையில் எழுத்தாணியும் மறு கையில் ஏட்டுச்சுவடியுமாக உட்கார்ந்திருக்கிறார் எமனின் கணக்கர் சித்திரகுப்தர். சித்ரா பௌர்ணமி அன்று அங்கே கூட்டம் நெரியும். கேது தோஷம் என்று ஜோசியர் சொல்லி அனுப்பியவர்கள் வருவார்கள். ஊர்க்கணக்கு எழுதுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த கருணீகர் குடும்பங்கள் அவரைத் தங்கள் குலத்து முதல்வராகவே கும்பிடுவார்கள். காமதேனுவிடம் பிறந்தவர் என்பதால் அன்றைய விரதத்தில் பசும்பாலும் தயிரும் சேர்ப்பதில்லை.

அந்த நாளின் வேண்டுதல் கவனிக்கத் தக்கது. செய்த நல்லதைக் கொஞ்சம் பெரிதாக எழுதிக்கொள், கெட்டதைக் கொஞ்சம் சிறிதாக எழுதிக்கொள் என்றுதான் கேட்கிறார்கள். ஏட்டைக் கிழித்துப் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கணக்கு இருக்கட்டும், இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருக்கட்டும் என்பதே அதன் பொருள்.

இதே ஊரில் இன்னொரு ஏடும் திறந்து கிடக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், தேதி கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம். 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இளம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், பதிவான 24 மணி நேரத்துக்குள் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பின் வழக்கு எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் இ-கோர்ட்ஸ் தளம். கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், வழக்கறிஞர் பெயர் என்று எதை வைத்தும் தேடலாம். பெயரில் மூன்று எழுத்து போதும். வருடத்தையும், நிலுவையா முடிந்ததா என்பதையும் சொன்னால் பட்டியல் வந்து விழும். காசு கிடையாது, காரணமும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஒரு சிற்றூர்க்காரர் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் முன்னால் போய் நின்று பக்கத்து வீட்டுக்காரரின் பழைய வழக்கைக் கேட்கலாம். அந்தப் பழக்கம் இப்போது இங்கே கைபேசிக்குள் வந்துவிட்டது. வாடகைக்கு விடுகிறவர், வேலைக்கு எடுக்கிறவர், பெண் கொடுக்கிறவர் என யார் வேண்டுமானாலும் தேடலாம்.

தேடினால் வருவது பெயர் மட்டுமே என்பதுதான் முதல் சிக்கல். ஏகாம்பரம், வரதராஜன், காமாட்சி என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊர் இது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத தமிழர்களுக்கு முன்னால் ஓர் இன்ஷியல்தான். அதையும் நீதிமன்ற எழுத்தர் தடவைக்கு ஒரு மாதிரி ஆங்கிலத்தில் அடித்திருப்பார். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் ஒருவர் மேல் வேறொருவரின் அடிதடி வழக்கு ஒட்டிக்கொள்ள இந்த அளவே போதும்.

சொந்த வழக்கு என்றாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கோயில் திருவிழாவில் சாமி தூக்குவதில் ஒரு தள்ளுமுள்ளு. ஸ்டேஷனில் வழக்கமான மூன்று பிரிவுகள்: ஆபாசமாகத் திட்டியதற்கு 294(பி), கையால் அடித்ததற்கு 323, மிரட்டியதற்கு 506. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் மாறியிருக்கின்றன, தமிழகக் காவல் நிலையங்களின் வழக்கம் மாறவில்லை. மூன்று வருடம் கழித்து இரு தரப்பும் சமாதானமாகி, சாட்சிகள் பிறழ்ந்து, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் விடுவிக்கிறது. அந்தப் பையன் காவலர் தேர்வு எழுதித் தேறுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். காவலர் பணி விதி 14(பி) அங்கே குறுக்கே நிற்கும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அந்த விதியின் விளக்கக் குறிப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் அது செல்லும் என்றது. சட்டத்தின் ஒரு கை விடுவித்தவரை இன்னொரு கை பிடித்துக்கொள்கிறது. சட்டை மேல் அதிகாரம் ஏறப்போகிற வேலை, ஆகவே கூடுதல் கவனம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அழுக்கு எப்போது போகும் என்ற கேள்விக்கு அந்த விதியில் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை இந்த மண் ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே கல்லில் வெட்டிவைத்திருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். குடும்பு என்ற 30 ஊர்ப்பிரிவுகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கல், விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பது. 35 வயதுக்கு மேல், 70க்குள், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. அது பிராமணர் சபை என்பதையும், உழுதவருக்கும் நெய்தவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இருக்கவில்லை என்பதையும் மறக்காமல்தான் அதைப் போற்ற வேண்டும்.

பாடப் புத்தகம் விரைந்து கடந்துவிடும் பகுதி, யார் பெயரை எழுதக்கூடாது என்பது. வாரியம் என்ற ஊர்க்குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், மாமன், அத்தை மகன் என்று உறவே நீள்கிறது. மகா பாதகம் செய்தவர். பிறர் பொருளைத் திருடியவர். கள்ளக் கையெழுத்திட்டவர். கழுதை ஏறியவர், அதாவது ஊர் பார்க்க அவமானத் தண்டனை பெற்றவர். இந்தப் பட்டியலில் ஆழமான இடம் வேறொன்று. தகாதவரோடு சேர்ந்ததற்காக விலக்கப்பட்டவர், பிராயச்சித்தம் செய்யும் வரைக்கும்தான் விலக்கு. வேறு சில பாவங்களைச் செய்தவரும், ஊருக்குக் கண்டகராய் இருந்தவரும் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிட்டாலும், உயிர் உள்ளவரை ஓலையில் பெயர் எழுதப்படக் கூடாது.

சுத்தமாகிவிட்டார் என்பதைக் கல்வெட்டு மறுக்கவில்லை. கடவுளுக்கு முன்னால் அவர் சுத்தம். சாப்பிடலாம், கோயிலுக்குப் போகலாம், ஊரில் வாழலாம். ஏரி வாரியத்தையும் பொன் வாரியத்தையும் மட்டும் அவர் கையில் கொடுக்க ஊர் தயாரில்லை. மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றல்ல என்று தெரிந்தவர்கள் அந்தச் சபையார். இன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதைவிட இளகியது: இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையான நாளிலிருந்து ஆறு ஆண்டு முடிந்தால் மறுபடி தேர்தலில் நிற்கலாம். வாழ்நாள் தடை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வந்த மனுவை, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு எதிர்த்தது. உத்திரமேரூர்க்காரர்கள் 921இல் முடித்துவைத்த விவாதம் டெல்லியில் இன்னும் நடக்கிறது.

ஆனால் அந்தச் சுவரில் ஒன்று இல்லை. எந்தக் குற்றவாளியின் பெயரும் இல்லை. அரசன் பெயர் இருக்கிறது, அரசன் ஆணையோடு வந்த அதிகாரியின் பெயர் இருக்கிறது. கணக்குக் காட்டாத ஒருவரையாவது சபை மனத்தில் வைத்துத்தான் இந்த விதியை எழுதியிருக்கும். கல்லில் விதியை வெட்டிவிட்டு ஆளை விட்டுவிட்டார்கள். ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து வந்து படிக்கிறவருக்கு விதி தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

சித்திரகுப்தர் ஏட்டில் நேர் எதிராக, எல்லோர் பெயரும் இருக்கிறது. எதுவும் தப்பாது. ஆனால் அந்த ஏட்டைப் படிக்கிறவர் ஒருவர்தான். எமன் முன்னால், உரிய வேளையில், ஒரே ஒரு தடவை. சம்பந்தி வீட்டாருக்கு அதில் நகல் கிடைக்காது. நம் முன்னோர் கற்பனையில் பெயர் உள்ள ஏட்டுக்கு ஒரு வாசகர், ஊரே வாசிக்கும் கல்லுக்குப் பெயர் இல்லை. பெயரும் இருந்து, ஊரும் வாசிக்கலாம், காலமும் முடியாது என்ற ஏட்டை முதன்முதலில் உண்டாக்கியிருப்பது நாம்தான். இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் வந்தது, வசதி வந்தது என்று கடந்து போய்விடக் கூடாது.

காஞ்சியின் மறுகோடியில் இன்னும் தைரியமான ஒரு பதில் உண்டு. 1268இல் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகருக்கும், திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியருக்கும் பின்னால் பிரிந்த வடகலை, தென்கலைப் பேதங்களில் ஒன்று இதைப் பற்றியது. சரணடைந்தவனின் குற்றத்தை இறைவன் என்ன செய்கிறான்? இறைவனின் வாத்சல்யத்துக்கு வைணவர் சொல்லும் உவமை, அன்று ஈன்ற கன்றின் உடம்பு அழுக்கை நாக்கால் நக்கி எடுக்கும் பசு. அந்த அழுக்கே பசுவுக்குப் பிரியம், அடியவன் குற்றமே பெருமாளுக்குப் போக்கியம் என்பது தென்கலை. பிரியம் இல்லை, அதைப் பாராமல் இருப்பதுதான் வாத்சல்யம் என்பது வடகலை. எல்லாம் அறிந்தவன் எப்படி ஒன்றைப் பாராமல் இருப்பான் என்ற சங்கடம் இரு தரப்புக்கும் தெரியும். தெரிந்தும் பாராமலிருப்பது ஒரு குணம், அதுவும் உயர்ந்த குணம் என்று சொல்லத் துணிந்தார்கள். சட்டத்தில் இதற்கு மிக அருகில் வருவது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு: கொடுங்குற்றம் புரிந்த 16 வயதுக்கு மேற்பட்டோரின் சில வழக்குகள் நீங்கலாக, சிறாரின் தண்டனைப் பதிவு உரிய காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும். பிரிட்டன் 1974லேயே பெரியவர்களுக்கும் இப்படி ஒரு சட்டம் செய்தது. இந்தியாவில் பெரியவர்களுக்கு அது இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். காஞ்சி மடத்தின் ஜெயேந்திரர் அந்த நவம்பரில் கைதானார். வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. 80க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பர் 27 அன்று மடாதிபதிகள் இருவர் உட்பட 23 பேரும் விடுதலை. விடுதலை ஆனவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் முழுப் பலனும் உரியது. அதே சமயம், கோயிலுக்குள் ஒருவர் கொல்லப்பட்டார், கொன்றவர் யார் என்று நிரூபணமாகவில்லை என்பதும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. வழக்கின் காகிதம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் சொந்தமல்ல. இறந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஊருக்கும் அதில் பங்கு உண்டு.

ஏடு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1871இல் வந்து, 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் கால் வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே ஒருவர் பெயரை ஏட்டில் ஏற்ற வழி செய்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் போய்விட்டது, பழைய சந்தேகம் ஸ்டேஷன் ஏட்டில் தங்கிவிட்டது. பின்தங்கிய சமூகத்தினர் மேல் யோசனையின்றிச் சரித்திரப் பதிவேடு திறக்கும் போக்கை 2024 மே மாதம்கூட உச்ச நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது.

மறக்கப்படும் உரிமை நேரடியாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் 2014இல் விடுதலையான ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021 ஆகஸ்ட் 3 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதற்கான சட்டம் வராமல் முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. தீர்ப்புகளை வெளியிடும் இந்தியன் கானூன் தளத்தையும் அதை எடுக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. விடுதலையானார் என்பதற்காகத் தீர்ப்பையே எடுத்துவிடச் சொல்லலாமா என்ற கவலை நீதிமன்றத்துக்கு இருந்தது. தீர்ப்பு இருக்கட்டும், அதில் பெயரை மட்டும் மறைக்கலாம் என்பது உத்திரமேரூர் கற்றுத்தரும் வழி. விதியையும் காரணத்தையும் எல்லோரும் படிக்கட்டும். பதவி கேட்டு வருகிறவர் மட்டும் தன் பெயரோடு படிக்கப்படட்டும். 2002 முதல் வேட்பாளர்கள் வழக்கு விவரத்தைப் பிரமாணமாகக் கொடுப்பது அந்த வகையில் சரி.

அதற்கு முன் செய்யக்கூடியது சிறியது. காவல்துறைத் தளத்தில் கிடக்கும் முதல் தகவல் அறிக்கையில் குற்றச்சாட்டு மட்டும்தான் இருக்கிறது. முடிவு இன்னொரு தளத்தில், இன்னொரு எண்ணில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுவதற்குப் புதிய சட்டம் வேண்டாம். காவல்துறை, நீதிமன்றம், சிறை மூன்றின் தரவுகளையும் இணைக்கும் கட்டமைப்பு ஒன்றிய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘விடுதலை’ என்ற ஒரு சொல்லை அந்த அறிக்கையின் மேலேயே போட உத்தரவிட்டால் போதும். அது வரும் வரை, விடுதலையானவர் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர் ஒவ்வொருவரிடமும் தானே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.