வரப்புக்கு அப்பால் இருக்கும் அயலான்



கோவில் பத்திரிகையில் யூரியா மூட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நாம் வயலில் செய்யும் வேலையும் சர்வேசுரனுடைய கற்பனைகளுக்கு உட்பட்டதே. ஆகையால் பேசத்தான் வேண்டும்.

காவிரிப் படுகையில் நெல் பயிரிடும் நாம் செய்வதென்ன? பக்கத்து வயல் நம்முடையதைவிடக் கரும்பச்சையாய் நின்றால் மனம் பொறுக்கிறதில்லை. மானியத்தால் விலையும் குறைவு. இன்னும் அரை மூட்டை தூவிவிடுகிறோம். 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நெற்பயிர் எடுத்துக்கொள்வதோ பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு.

மீதி எங்கே போகிறது? ஒரு பங்கு ஆவியாய்ப் போகிறது. ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகிறது; பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு வலியது. ஒரு பங்கு வடிகாலோடு ஓடிக் குளத்தில் பாசியை வளர்த்து மீனைக் கொல்கிறது. இன்னொரு பங்கு நைட்ரேட் உப்பாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். குடிநீர் ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது நம் நாட்டு அளவு. மிஞ்சிய நீரில் கரைத்த புட்டிப்பாலைக் குடிக்கும் கைக்குழந்தைக்கு இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குன்றி, உடல் நீலம் பாரிக்கும்.

பிரியமானவர்களே, அந்தக் குழந்தை யாருடையது? ஒருவேளை நம் வயலில் நாற்று நட்டவளுடையதாயிருக்கலாம். பிறனுடைய உயிருக்குக் கேடு செய்வதை ஐந்தாம் கற்பனையும், பிறனுடைய பொருளுக்கு நஷ்டம் செய்வதை ஏழாம் கற்பனையும் விலக்குகின்றன. கிணற்று நீர் ஏழையின் பொருள் அல்லவா? அறியாமல் செய்ததைச் சர்வேசுரன் பொறுப்பார். அறிந்தபின் அசட்டையாய் இருப்பதோ வேறு காரியம். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2015-ம் ஆண்டு "லவுதாத்தோ சி" என்னும் சுற்றுமடலில், மண்ணையும் நீரையும் கெடுப்பவற்றோடு உரங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

"உரமில்லாமல் விளையுமா, சாமி?" என்பீர்கள். உரமிடுவது பாவமல்ல, அதனால் எத்தனையோ பேருடைய பசி தீர்ந்தது. அளவு மீறுவதே குற்றம். அளவு மீறினால் நமக்கும் நஷ்டமே: பயிர் சாயும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடிவரும், பிறகு மருந்துக்கும் செலவு.

ஆகையால் செய்யவேண்டியது இது. மண்ணைப் பரிசோதித்து உரத்தின் அளவை அறியுங்கள். நடவுக்குமுன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுங்கள். அந்த அளவுக்கு யூரியாவைக் குறையுங்கள். ஒரேயடியாய்க் கொட்டாமல் நாலு தடவையாய்ப் பிரித்து இடுங்கள். மழை மூட்டமாயிருக்கும்போதும், வடிமடை திறந்திருக்கும்போதும் தூவாதேயுங்கள். இலை வண்ண அட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நட்ட 14-ம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை வேளையில், உங்கள் நிழலில் வைத்து, பத்துச் செடிகளில் நன்றாய் விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்பது அளவு. ஆறு இலைகளாவது அதற்குக் கீழே வெளுத்திருந்தால் மாத்திரம் மேலுரம் இடலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிவையுங்கள். நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று 2015-ல் அரசாங்கம் விதித்தது. சத்து மெதுவாய் வெளிப்படுவதற்கே அந்தப் பூச்சு. அதிகமாய் இடுவதற்கு அது உத்தரவு அல்ல.

நிலமில்லாத குடும்பங்களே, உங்களுக்கும் கடமை உண்டு. வெளுத்த பயிரைக் கண்டு அயலானைப் பரிகசிக்க வேண்டாம். அந்தப் பரிகாசத்துக்குப் பயந்தே பலர் இன்னொரு மூட்டை அவிழ்க்கிறார்கள்.

ஆதித் தகப்பனைச் சர்வேசுரன் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்தவும் காக்கவுமே. பண்படுத்துவதை நாம் மறக்கவில்லை, காப்பதையும் மறவாதிருப்போம். மே 15-ல் திருநாள் கொண்டாடப்படும் அர்ச். இசிதோர் பிறருடைய நிலத்தில் உழைத்த ஏழை உழவர். அளவறிந்து இடும் கையையும் அயலானை நினைக்கும் மனதையும் நமக்கு அடைந்து தரும்படி அவரை மன்றாடுவோமாக. ஆமென்.