பக்கவாதமும் சுயாதீனமும்

பக்கவாதத்தால் விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டால் பிழைத்துக்கொண்டார் என்கிறோம். கை வந்ததா, கால் வந்ததா, வாய் பேசுகிறதா எனக் கேட்பவர் பலர். புத்தி முன்போல் ஓடுகிறதா எனக் கேட்பவர் சிலரே. கேட்பதே அவமரியாதை என்று எண்ணுவர் போலும்! ஆயினும் அன்றாட வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ளும் சுயாதீனம், கைகால் வலிமையைப் போலவே நினைவையும் கவனத்தையும் நிதானத்தையும் பற்றி நிற்பது. இவை குன்றியவரை வீட்டார் எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்பது வைத்தியத்தோடு முடிந்துவிடும் கேள்வியன்று.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் அவ்விடத்து மூளைப்பகுதி கெடுகிறது; கெட்ட இடத்திற்குத் தக்கபடி குறை அமைகிறது. பெரும்பாலார்க்கு இடப்பக்கத்து மூளை பேச்சின் இடம். வலப்பக்கம் கெட்டவர்க்கோ பேச்சு தெளிவாக இருக்கலாம். ஆனால் தட்டின் வலப்புறத்துச் சோற்றை மட்டும் உண்டு, இடப்புறத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்னும் சோறு கேட்பார். கண் குருடன்று, அப்பக்கத்தைக் கவனிக்கும் ஆற்றலே போயிற்று. சிலர் தம் கை செயலிழந்ததென்றே அறியார். இவ்வறியாமைக்கு 1914-இல் பாபின்ஸ்கி என்னும் வைத்தியர் தனிப்பெயரே இட்டார். இதனைப் பிடிவாதமென்று கொண்டு வீட்டார் சினப்பது கொடுமை.

அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் 1919 அக்டோபரில் பக்கவாதம் கண்டு இடப்பாகம் செயலற்றார். பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் நிதானம் முன்போல் இல்லை. அந்நிலையிலும் 1920-இல் மீண்டும் வேட்பாளராக நிற்கும் ஆசை அவரை விடவில்லை. மனைவியாரும் வைத்தியரும் நோயின் உண்மையை நாட்டுக்கு மறைத்தனர். தாம் அரசாங்க முடிவு எதனையும் செய்யவில்லையென்றும், எவ்விஷயத்தை எப்பொழுது கணவரிடம் கொண்டுசெல்வது என்பதை மட்டுமே தீர்மானித்ததாகவும் அவ்வம்மையார் பிற்காலத்தில் எழுதினார். அந்த 'மட்டும்' என்பதில் எவ்வளவு அதிகாரம் அடங்கியிருக்கிறது! நம் வீடுகளிலும் நோயாளிக்கு வந்த கடிதத்தைக் காட்டுவதா வேண்டாவா என்று முடிவு செய்பவரே அவர் வாழ்வை முடிவு செய்பவராகிறார்.

சுயாதீனத்தை அளக்க வைத்தியர் கையாளும் அளவுகோல்கள் உண்டு. 1965-இல் மகோனி, பார்தெல் என்னும் இரு பெண்மணிகள் வெளியிட்ட பட்டியல் உண்ணல், குளித்தல், உடுத்தல், படியேறல் முதலிய பத்துச் செயல்களை நூறு மதிப்பெண்ணுக்கு அளப்பது. நூறும் பெற்ற ஒருவர் மாத்திரையை இருமுறை விழுங்கலாம். பஸ்ஸில் இறங்குமிடம் மறக்கலாம். கடையில் மீதிச் சில்லறையை எண்ண மாட்டாதிருக்கலாம். இவற்றை அப்பட்டியல் வினவவில்லை. 1969-இல் லாட்டன், பிராடி இருவரும் வெளியிட்ட பட்டியலே மருந்து, பணம், பிரயாணம், சமையல் போன்றவற்றைக் கேட்டது. அதிலும் முதலில் சமையலும் துணி துவைத்தலும் ஆடவர்க்குக் கணக்கிடப்படவில்லை! பெண்ணுக்குப் புத்தி தடுமாறினால் உலை வைத்த அன்றே தெரிந்துவிடும். அதே தடுமாற்றமுள்ள ஆடவர் சாய்வு நாற்காலியில் சௌக்கியமாகத் தோன்றுவார். அவர் முன்னரும் தாமே சோறு வடித்தவரல்லர்.

அறிவை அளக்கும் கோல்களிலும் பழுதுண்டு. 1975-இல் வந்து உலகெங்கும் பரவிய முப்பது மதிப்பெண் பரீட்சை, நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடப்படாத மக்களுக்கு இது நோயை அளக்குமா, அன்றி அவர்க்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை அளக்குமா? ஹரியானாவில் பல்லப்கட் கிராமங்களில் எழுத்தறியாதார்க்கென அதனை மாற்றியமைத்து 1995-இல் வெளியிட்டனர். அத்தகைய முயற்சி இன்றியமையாதது. நாற்பதாண்டு கூலிக்கணக்கை மனத்திலேயே வைத்திருந்த முதியவரை 'அறிவு குன்றியவர்' என்று ஒரு தாள் தீர்ப்பிடுதல் தகாது.

இனி, உதவுதலைப் பற்றி. அன்பினால் எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கும் மகளும், 'சோம்பல்' என்று ஏசும் மகனும் ஒரே தவறைச் செய்கின்றனர். சட்டையை உடுத்தத் தெரியாதவர் வேறு, எந்தக் கையை முதலில் நுழைப்பது என்னும் வரிசையை மறந்தவர் வேறு. பின்னவர்க்கு வேண்டுவது ஒரு சொல். 'முதலில் நோய்ப்பட்ட கை' என்பதே போதும். பிறகு காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பு எளிதன்று, வேலைக்குப் போகும் அவசரத்தில் நாமே மாட்டிவிடுவது ஒரு நிமிடம், அவர் மாட்டிக்கொள்வது கால்மணி. ஏழை வீட்டில் அந்தக் கால்மணி கூலியில் கழியும் என்பதை மறந்து அறம் பேசுவாரோடு நாம் உடன்படோம். ஆயினும் வாரத்தில் ஒருநாளேனும் அந்தக் கால்மணி அவருடையதாகலாம்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பெருவிரல் ரேகை. பேச்சிழந்தவர் விரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் வைத்து வீடு கைமாறுதல் எங்கும் கேட்கும் செய்தி. பேச்சு போனது கொண்டு விருப்பமும் போயிற்று என்பது பொய். பேச்சு இருப்பது கொண்டு நிதானமும் இருக்கிறது என்பதும் பொய். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாவலர் அவரைக் கலந்தே முடிவு செய்யவேண்டும் என்கிறது. கலப்பது எப்படி? கேள்வி சிறிதாகவும் ஒவ்வொன்றாகவும் இருத்தல் வேண்டும். தலையசைப்பும் பொருளைத் தொட்டுக் காட்டலும் விடையாகும். ஒரே கேள்வியை மறுநாள் வேறு விதமாய்க் கேட்டு ஒத்துப்பார்க்கலாம். மாலையில் களைப்பு மிகுமாதலால் காலையிற் கேட்பது நன்று. பத்திரத்தால் ஆதாயம் அடைபவர் அப்பொழுது அறைக்கு வெளியே இருக்கட்டும்.