மூச்சும் நோன்பும்

நோன்பாளிக்கு இரைப்பு கண்டு மூச்சு முட்டும்போது மருந்தை உறிஞ்சலாமா? துளிகள் உட்செல்வதால் நோன்பு முறியும் என்பர் உலமாக்களில் ஒரு சாரார். அது உணவுமன்று, பானமுமன்று. முறியாது என்பர் மற்றொரு சாரார். உயிர்காப்பது கடமை என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர்.

சுருங்கிய மூச்சுக்குழலைச் சால்பூட்டமால் சில நிமிடங்களில் விரிக்கிறது. தாமதம் உயிரைப் பறிக்கலாம். குழலின் வீக்கத்தைத் தணிக்கும் பெக்லோமெத்தசோனைப் பெரும்பாலும் நாளுக்கு 2 வேளை உறிஞ்சுவர். சஹரிலும் நோன்பு திறந்த பின்னும் அதனைக் கொள்ளத் தடையேது? நோன்பைக் கருதி அதை அறவே நிறுத்துவோர் இரைப்பைத் தாமே வரவழைக்கின்றனர்.

விடுபட்ட நோன்பைக் களாச் செய்யலாம். நின்றுபோன மூச்சுக்குக் களா இல்லை. நோயாளிக்கு இறைவன் சலுகை அருளியுள்ளான். அதனை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிதலே.