நாணமும் கூச்சமும்

நாணம் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. இதனை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் எது நாணம், எது வெறுங்கூச்சம் என்று பகுத்துணர்ந்தவர் நம்மிடையே சிலரே. கூச்சமுள்ள பிள்ளையை ‘அடக்கமானவன்’ என்று பாராட்டிப் பாராட்டி, அவனுடைய அச்சத்தை நாமே வளர்த்துவிடுகிறோம்.

புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா தொடுத்தார். ‘அனிமே’ எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு. இத்தகைய படங்களிலும் சித்திரக் கதைகளிலும் பற்றுள்ளோர் கூடும் ‘காமிக் கான்’ விழா, 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னையில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்றது. அப்போது செல்ல அவருக்குத் துணிவில்லை. உடன்வரத் தோழரில்லை, அறியாதவரிடம் பேச நா எழாது, ‘இந்த வயதில் பொம்மைப் படமா?’ என உற்றார் நகைப்பர். “கூச்சம் மார்க்கத்தில் நல்ல குணந்தானே, ஹஜ்ரத்? இனியும் போகாமலிருப்பதே மேலல்லவா?” என்று கேட்டார்.

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், தம் அச்சத்திற்கு மார்க்கத்தின் போர்வையை அவர் கேட்கிறார். அதை அளிக்கலாமா என்பது சிறிய செய்தியன்று. உருவப்படம் பற்றிய ஃபிக்ஹுச் சர்ச்சை தனியே ஆராயத்தக்கது; அதனை இங்கு நாம் விரிக்கவில்லை.

அரபியில் நாணத்திற்கு ‘ஹயா’ என்றும், பிறர்முன் நிலைகுலையும் கூச்சத்திற்கு ‘கஜல்’ என்றும் வெவ்வேறு சொற்கள் உண்டு. ‘ஹயா’வும், வாழ்வைக் குறிக்கும் ‘ஹயாத்’தும் ஒரே வேரிற் பிறந்தவை. உயிருள்ள உள்ளமே தீமைக்கு நாணும் என்பர் அறிஞர். நம் தமிழ்மறையும் இவ்வேறுபாட்டை அறியும். நாணுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர், தகாத செயலுக்கு நாணுவதையும் பெண்டிர்க்குரிய இயல்பான நாணத்தையும் பிரித்துக் காட்டுகிறார். அவரே அவையஞ்சாமைக்கும் பத்துக் குறட்பாக்களை ஒதுக்கினார். இரண்டு குணங்களும் ஒருவரிடமே அமைதல் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து? செயலுக்கு அஞ்சி ஒதுங்குவது நாணம். முகங்களுக்கு அஞ்சி ஒதுங்குவது கூச்சம்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் கல்விப் பகுதியில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். முஃமினுக்கு உவமையாகும் மரம் எது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை வினவினார்கள். பேரீச்சை என்பது இளைஞர் இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. பெரியோர் நிறைந்த சபை. எனவே வாய் திறக்கவில்லை. பின்னர் இதனைக் கேட்ட தந்தை உமர் (ரலி) அவர்கள், மகனின் அடக்கத்தை மெச்சவில்லை. அவர் விடை கூறியிருந்தால் பெருஞ்செல்வத்தினும் அது தமக்கு உவப்பாயிருந்திருக்கும் என்றே கூறினார்கள்.

அதே பகுதியில் மற்றொரு செய்தியும் உண்டு. நபியவர்களின் சபைக்கு மூவர் வந்தனர். ஒருவர் இடைவெளி கண்டு முன்னே அமர்ந்தார். ஒருவர் நாணிப் பின்னால் அமர்ந்தார். மூன்றாமவர் திரும்பிச் சென்றார். பின்னால் அமர்ந்தவருக்கும் இறையருள் கிட்டியதென்றும், திரும்பியவரே அதனை இழந்தாரென்றும் விரிவுரையாளர் விளக்குவர். அத்திருச்சபையையும் இக்கேளிக்கைக் கூட்டத்தையும் ஒருதட்டில் வைக்க நாம் துணியோம். மனித இயல்பு பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்கிறோம். முன்வரிசைக்கும் வீடுதிரும்பலுக்கும் நடுவே பின்வரிசை என ஓரிடம் இருக்கிறது. கூச்சமுள்ளவர் அதனை மறந்துவிடுகிறார்.

தனிமை சிறந்ததன்றோ என்பாரும் உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் தனிமைக்கென ஒரு நூற்பகுதியே வகுத்தார்கள். வணக்கத்திற்கு ஓய்வு, புறம்பேசுதலிலிருந்து காப்பு எனத் தனிமையின் நன்மைகளை அடுக்கினார்கள். கற்றல், கற்பித்தல், நட்பு எனக் கூடிவாழ்தலின் நன்மைகளையும் அடுக்கினார்கள். அனைவர்க்கும் ஒரே தீர்ப்பை அவர்கள் வழங்கவில்லை. ஆளுக்கும் நிலைக்கும் ஏற்ப அது மாறும் என்றார்கள். ஆகவே, ஒரு நன்மையை நாடி ஒதுங்குபவரின் தனிமை வேறு. அஞ்சிக் கதவடைப்பவரின் தனிமை வேறு.

இத்தகைய கூட்டங்களின் தோற்றத்தையும் எண்ணிப் பார்க்கலாம். 1975 டிசம்பரில் டோக்கியோவில் ‘காமிக்கெட்’ தொடங்கியபோது வந்தவர் ஏறத்தாழ 700 பேர். தாமே வரைந்து அச்சிட்ட ஏடுகளைத் தம்மை ஒத்த அன்பர்க்கு விற்பதே அதன் நோக்கம். இன்று அங்கே லட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். ஊரில் துணையில்லாத ஆர்வம் துணை தேடும் இடமே அது. துணையில்லை என்பதற்காக அங்குச் செல்லாதிருப்பது, தாகமென்று சொல்லிக் கிணற்றைத் தவிர்ப்பதாகும். கதைமாந்தர் வேடம் புனைந்தால் துணிவு வரும் என்பர் சிலர். வேடத்தால் வந்த துணிவு வேடத்தோடு கழன்றுவிடும். சொந்த முகத்தோடு செல்வதே நன்று.

எனவே அவ்விளைஞரிடம் இரண்டு வினாக்களைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளச் சொன்னோம். அங்குச் செல்வதால் தொழுகை தவறுமா, பார்வை கெடுமா, வீட்டுச் செலவுக்கான பணம் கரையுமா? இவற்றில் உள்ளம் உறுத்தினால் அது ஹயா, அதற்குக் கட்டுப்படுக. உறுத்துவது மனிதர் பார்வை மட்டுமெனில் அது மார்க்கத்தின் கட்டளையன்று. ஒருநாள் சென்று ஓரமாய் நின்று, ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திரும்பினாலும் போதும். போக விருப்பமில்லையெனில் இருந்துவிடுவதும் குற்றமன்று. ஆனால் அச்சத்திற்கு ஈமானின் பெயரைச் சூட்டலாகாது.

மூத்தோராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. நம் ஏளனமே பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. உமர் (ரலி) அவர்கள் தம் மகன் பேச வேண்டுமென விரும்பினார்கள். நம் பிள்ளைகள் பேசுவதை நாம் விரும்புகிறோமா?